ஒயர் இல்லாத கட்டடம்

மாப்பிள்ளை கண்டுபிடித்த பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே எரிபொருள் மின்கலம். இரண்டு மூடி மெத்தனால் ஊற்றினால் போதும், அதிலிருந்து மின்சாரம் எடுத்து செல்போனுக்குக் கொடுத்துவிடும். சுவரைத் தேடி அலைய வேண்டாம். இதற்காகத் தன் தலைமுடியில் பாதியையும் மாமனாரின் பொறுமை முழுவதையும் அவர் தீர்த்திருந்தார்.

மாமனார் டயர் வியாபாரி. பணம் போட்டவர் சும்மா இருப்பாரா?

"நம்ம ஆபீஸ்லயே சார்ஜர் தொங்கினா எவன் மாப்ளே நம்புவான்?" என்றார். கம்ப்யூட்டர் ஒயர்களைப் பலகை அடித்து மறைத்தார். மிச்சமிருந்த பிளக் பாயிண்டுகளின் வாயில் டேப்பை ஒட்டினார். சார்ஜர் கொண்டுவருவது குற்றம் என்று அறிவித்து, ஆளுக்கொரு பெட்டியையும் கொடுத்தார்.

கழிப்பறையில் கை உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிளக் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து ஆபீசில் எல்லோருக்கும் வயிறு சரியில்லாமல் போயிற்று. உள்ளே போகிறவர் லேசில் வெளியே வரமாட்டார். வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும், போனும் நிறைந்திருக்கும்.

பெட்டி கெட்ட பெட்டியில்லை. கொஞ்சம் சூடாகும், கொஞ்சம் நாற்றம் வரும், கவிழ்த்தால் கோபித்துக்கொள்ளும். அதற்குள்ளிருக்கும் குட்டி பம்பு ஓட ஆரம்பிக்க ஒரு சின்ன பேட்டரி வேண்டும். பெட்டியைத் தினமும் ஓட்டினால் அந்த பேட்டரி தானாக நிரம்பிக்கொள்ளும். ஓட்டாமல் போட்டால் செத்துவிடும். ஆபீசில் எல்லோரும் பெட்டியைத் தினமும் துடைத்தார்கள்.

பெரிய கடைகளுக்குச் சரக்கு வாங்கும் அம்மாள் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை மாமனார் பளிச்சென்று சொல்லிவிட்டார்.

"இந்த ஆர்டர் வரலேன்னா இந்த இடம் டயர் குடோன். நீங்க கடையில உக்காந்து பில் போடுங்க."

ரப்பர் வாடைக்கு நடுவே ஆயுள் முழுக்க உட்காருவதை நினைத்து மாப்பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த முறை நிஜமாகவே.

வந்தவர் பேச்சை வளர்க்கவில்லை. "என் போனையே போட்டுக் காட்டுங்க. காலையிலேருந்து உயிர் ஊசலாடுது," என்று நீட்டினார்.

மாப்பிள்ளை தன் பெட்டியில் மெத்தனாலை ஊற்றிப் பொத்தானை அமுக்கினார். பெட்டி மூச்சு விடவில்லை. கணக்கரின் பெட்டியை எடுத்தார். அதுவும் கப்சிப். வரவேற்பில் இருக்கும் பெண்ணின் பெட்டி, காவலாளியின் பெட்டி, மாமனாரின் பெட்டி என்று ஒவ்வொன்றாக அமுக்கினார். ஒன்றும் அசையவில்லை. தன்னுடையதைக் கடைசியாக எப்போது ஓட்டினோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. முகம் தொங்கிப் போயிற்று.

"பரவாயில்லை, விடுங்க," என்றார் அந்த அம்மாள் சாதாரணமாக. "எனக்கு ஒரு முக்கியமான போன் வரணும். யார்கிட்டயாவது சார்ஜர் இருக்கா?"

கணக்கர் மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்தார். வரவேற்புப் பெண் கைப்பையிலிருந்து, காவலாளி தொப்பிக்குள்ளிருந்து. மாமனாரே சட்டைக்குள் கையை விட்டு ஒன்றை உருவினார். ஆனால் எல்லோருக்கும் முந்திக்கொண்டு நீண்ட கை மாப்பிள்ளையுடையது. நீட்டிய பிறகுதான் அது தன் கை என்று அவருக்கு உறைத்தது.

"பிளக் பாத்ரூம்ல இருக்கு மேடம்," என்றார் கணக்கர், உதவி செய்யும் நல்லெண்ணத்தில்.

அந்த அம்மாள் அத்தனை சார்ஜர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"உங்க பெட்டியை நான் குறை சொல்லலை. செஞ்ச நீங்களே அதை உபயோகிக்கலையே. நான் அதை யார்கிட்ட விக்கிறது?"

அவர் கார் தெருமுனை தாண்டியது. மாப்பிள்ளைக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஒரு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று நின்றார்.

மாமனார் திட்டவில்லை.

"நாளைக்குக் காலையில கடைக்கு வந்துடுங்க மாப்ளே. பில் போடற மெஷின்ல சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. அந்த சார்ஜர் ஒயரை மறக்காம எடுத்துட்டு வாங்க."