மூன்றாவது தையல்

பைண்டிங் கடையில் பேப்பர் வெட்டும் மெஷின் அந்தப் பெண்ணின் வலது கட்டைவிரலைத் துண்டாக்கியது காலை பத்து மணிக்கு. பதினொன்றுக்கெல்லாம் அவள் கணவர், ஈரத்துணியில் சுற்றிய விரலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்துவிட்டார்.

பெரிய டாக்டர் வேறொரு தியேட்டரில் தீக்காயக் கேஸில் இருந்தார். வர மூன்று மணி நேரமாவது ஆகும். "நீயே ஆரம்பிச்சிடும்மா" என்று சொல்லியனுப்பினார்.

சின்ன டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு மாதம் முன்பு அவள் தனியாக ஒட்டவைத்த முதல் விரல், இரண்டாம் நாளே கறுத்துப்போய் எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து மைக்ரோஸ்கோப் வேலை என்றாலே, "நீங்க பண்ணுங்க, நான் கூட நிக்கறேன்" என்று நழுவிவிடுவாள். வீட்டில் மட்டும் கோழிக்கால் ரத்தக்குழாய்களைத் தைத்துத் தைத்துப் பழகினாள். "இந்த வீட்ல கோழிக்குத்தான் ராஜ வைத்தியம்" என்பான் தம்பி.

இன்று நழுவ வழியில்லை. துணைக்கு இருந்த டாக்டர், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பையன், போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தான்.

கையெழுத்து வாங்கப் போனபோது அந்தப் பெண் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா டாக்டர்?"

பொய் நுனிநாக்குவரை வந்தது; விழுங்கிவிட்டாள். "தனியா ஒரு தடவை. அது நிக்கல. பெரிய டாக்டருக்காகக் காத்திருக்கலாம். ஆனா நேரம் போகப் போக விரல் பிழைக்கறது கஷ்டம்."

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். "பேனாவைக் குடுங்க."

எலும்பைக் கம்பியால் நிறுத்தி, தசைநாரைத் தைத்த பிறகு ரத்தக்குழாய்க்கு வந்தாள். தீக்குச்சியைவிட மெல்லிய குழாய், தலைமுடியைவிட மெல்லிய நூல். எட்டுத் தையல். ரத்தத்தை நிறுத்திவைத்திருந்த கிளிப்பை எடுத்தாள்.

விரல் வெளுத்தே கிடந்தது. வெதுவெதுப்பான துணி வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார்கள். மெழுகு மாதிரி அப்படியே இருந்தது.

"பெரியவரைக் கூப்பிடட்டுமாக்கா?" என்றான் நெட்டை.

"கூப்பிடு." சொல்லிவிட்டு மறுபடி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். மூன்றாவது தையல் சற்று உள்ளிழுத்திருந்தது. ஊசி முன்சுவரோடு பின்சுவரையும் சேர்த்துக் கோத்து வழியை அடைத்துவிட்டது. போன தடவையும் இதுதானோ? மனசு அங்கே ஓடப் பார்த்தது. இழுத்துப் பிடித்தாள்.

"அவர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம்."

"அதுவரைக்கும் தாங்காது. தப்பு என்னோடதுதான். எல்லாத்தையும் வெட்டிட்டு மறுபடி போடறேன்."

"எல்லாத்தையுமா? அந்த ஒண்ணை மட்டும் எடுத்தா?"

"உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கும். ஓரத்தையும் சேர்த்துச் சீவணும்."

கஷ்டப்பட்டுப் போட்ட எட்டுத் தையலும் பஞ்சில் விழுந்தன. சிஸ்டர் கேட்காமலே புது நூலைப் பிரித்தார். "நிதானமா போடுங்க டாக்டர். எனக்கு டீ குடிக்கிற பழக்கமே கிடையாது." மணிக்கொரு டீ குடிப்பவர் அவர். மாஸ்க்குக்குள் எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த முறை ஒவ்வொரு தையலுக்கும் குழாயின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டே முடிச்சுப் போட்டாள். கிளிப்பை எடுத்ததும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெட்டுப்பட்ட ஓரத்திலிருந்து நகம்வரை மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது.

"அக்கா... அக்கா!" நெட்டைக்கு வேறு வார்த்தை வரவில்லை.

பெரிய டாக்டர் வந்து நகத்தை அழுத்திப் பார்த்தார். "ஏன் இவ்வளவு நேரம்?"

"பின்சுவரைக் கோத்துட்டேன் சார். வெட்டிட்டு மறுபடி போட்டேன்."

"யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"சரி, போய்ச் சாப்பிடு."

சாப்பிடப் போனவள் முதலில் சிஸ்டருக்கு ஒரு டீ சொல்லி அனுப்பினாள்.

விரல் ஒட்டி நின்றது. மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் வந்து கையை நீட்டினாள். "மேல் மூட்டு பாதிதான் மடங்குது டாக்டர்."

"இனி பெரிசா மடங்காதும்மா."

"பரவாயில்ல. இந்தச் சட்டைக்கு நானே பட்டன் போட்டுக்கிட்டேன்."