கத்தி இல்லாத சாட்சி

பத்து வருஷமாக நான் ஓர் அற்புதம். ராஜபாளையத்தை ஒட்டிய எங்கள் சின்னச் சபையில், ஆவணி மூன்றாம் ஞாயிறு நான் எழுந்து நின்று, மார்பில் வந்த புற்று குணமான கதையைச் சாட்சியாகச் சொல்வேன். பிறகு எல்லோருக்கும் அசனச் சாப்பாடு.

ஆபரேஷன் நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில். முதல் வருஷம், மிஷன் டாக்டரம்மா இடது மார்பை அறுத்து எடுத்ததையும் சொன்னேன். மறுவருஷம், சபை உபதேசியாரான என் வீட்டுக்காரர், "ஏட்டி தங்கபாய், அந்தக் கதையச் சுருக்கு" என்றார். சுருக்கினேன். நாலாம் வருஷம் கத்தியே காணாமல் போய், ஜெபம் மட்டும் மிஞ்சியது. சனங்கள் அழுதார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

இந்த ஆவணியில், குளிக்கும்போது தழும்பில் கை தட்டுப்பட்டது. துவரம்பருப்பு அளவில் மூன்று முடிச்சு. வலியில்லை. "தழும்பில் கடுகளவு தடித்தாலும் அன்றைக்கே வா" என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"வேர்க்குருவா இருக்கும். ஞாயித்துக்கெழம முடியட்டும்" என்றார் வீட்டுக்காரர். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தெல்லாம் சனம் வருது. நீ ஆஸ்பத்திரில கெடந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?"

சனிக்கிழமை வன்னியம்பட்டி வெள்ளத்தாய் வந்தாள். போன வருஷம் என் சாட்சியைக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தவள். சமையற்கட்டில் சேலையை விலக்கிக் காட்டினாள். மார்பில் எலுமிச்சை அளவு கட்டி.

"ஆறு மாசமா இருக்கும்மா. வீட்டுல ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுதாக, நான் போகல. ஒங்களுக்கு ஜெபத்துலயே கரைஞ்சதுல்லா?"

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்து நின்றேன்.

"எனக்குக் கரையல. டாக்டரம்மா அறுத்துத்தான் எடுத்தாக. இப்பத் திரும்ப வந்திருக்கு. நாளைக்கே நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெள்ளத்தாயி, நீயும் வா."

என் வீட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார்.

"சாத்தான் நம்ம சாட்சியச் சோதிக்கான்! இன்னைல இருந்து நாப்பது நாள் உபவாச ஜெபம். அதுவரைக்கும் தங்கபாய் வாசப்படி தாண்ட மாட்டா."

சபை மொத்தமும் ஆமென் என்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளத்தாய் ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். என் பக்கத்தில் முழங்கால் போட்டுக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒங்க கூடவே இருக்கேம்மா. நாப்பது நாள்ல ரெண்டு பேருக்கும் சேந்து கரைஞ்சிரும்."

கையை உருவப் பார்த்தேன். அவள் விடவில்லை.