தம்பி உள்ளே வராத நாள்

அரசியல் சட்டத்தைத் திருத்த ஓட்டெடுப்பு நடக்கும்போது மன்றத்தின் கதவைச் சாத்துவது என் வேலை. மணி அடிக்கும், உறுப்பினர்கள் ஓடி வருவார்கள். மணி நின்றதும் தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும். அப்புறம் அமைச்சரே வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது. நான் நாலாவது வரைதான் படித்தவன். சட்டம் தெரியாது, ஆட்களைத் தெரியும். அதனால் ஒருத்தனையும் நம்புவதில்லை, என் தம்பியைத் தவிர.

அவன் ஆளுங்கட்சி உறுப்பினர். அம்மா செத்தபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. வளர்த்தது என் மனைவி. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை.

அவளோ கைக்குழந்தையாக எல்லை தாண்டி வந்தவள். அப்படி வந்தவர்கள் யாரும், கல்யாணம் கட்டியிருந்தாலும், இனி குடிமக்கள் இல்லை, திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஒரு திருத்தம் மன்றத்துக்கு வந்தது.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் தம்பி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தான்.

"எதிர்த்துக் கை தூக்கினா கட்சி என்னைத் தூக்கிடும் அண்ணி. மன்றத்துல தொண்ணூறு பேரு. மூணுல ரெண்டு பங்கு, அறுபது கை வேணும். என்னையும் சேர்த்துத்தான் எங்களுக்கு அறுபது. நான் உள்ளயே போகலைன்னா திருத்தம் விழுந்துடும்."

"எதிர்த்தே தூக்கேன்டா" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. புள்ள பதவிக்கு ஏன் உலை வைக்கிறீங்க?" என்று என்னை அடக்கினாள் அவள். "வெளியவே இருப்பா. அது போதும்."

"கேன்டீன்ல உக்காந்துக்கறேன். வயித்துவலின்னு சொல்லிடுவேன்."

"பள்ளிக்கூடத்துக்கும் இதேதானடா சொன்ன! புதுசா ஒரு நோவு கண்டுபிடி" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தோம்.

மறுநாள் மணி நின்றது. தம்பி வரவில்லை. தாழ்ப்பாள் போட்டேன். ஆதரவு ஐம்பத்தொன்பது. எதிர்க்கட்சியில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் எதிர்ப்பு இருபத்தொன்பது. ஒன்று குறைகிறது என்று மூச்சு விட்டேன். அவைத்தலைவர் "நிறைவேறியது" என்றார். மேஜைகளைத் தட்டினார்கள்.

பக்கத்தில் நின்ற குமாஸ்தாவிடம், "ஒண்ணு குறையுதே சார்?" என்றேன்.

"மொத்தத் தொண்ணூறுல மூணுல ரெண்டுங்கறது பழைய கணக்கு. போன வருஷம் அதையே திருத்திட்டாங்களே! இப்ப உள்ள இருக்கறவங்களை மட்டும்தான் எண்ணுவோம். எண்பத்தெட்டு பேருக்கு ஐம்பத்தொன்பது போதும். இன்னும் ஒருத்தர் வந்து எதிர்த்திருந்தா அறுபது தேவைப்பட்டிருக்கும். தோத்திருக்கும்."

கதவைத் திறந்தேன். தம்பி தேநீர்க் குவளையோடு நின்றான்.

"விழுந்துச்சாண்ணே?"

சொன்னேன்.

"போன வருஷமே கணக்கை மாத்திட்டாங்களாம்டா. அதுக்கு எவன் கை தூக்கினது?"

"நானும்தாண்ணே. படிக்கல. தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன்."

அடிக்கலாம் போல இருந்தது. கை வரவில்லை.

வீட்டில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அடுத்த கூட்டத்துல இந்தத் திருத்தத்தைத் திருத்தச் சொல்லி நானே எழுந்து நிப்பேன் அண்ணி."

"நில்லுப்பா. கதவு சாத்தறதுக்குள்ள உள்ள போயிடு" என்று அவன் தலையைத் தடவினாள். குத்திச் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. அதுதான் எங்கள் இருவரையும் கொன்றது.

அடுத்த கூட்டம் வருவதற்குள் அவளுக்கு உத்தரவு வந்துவிட்டது. நானும் கூடப் போகக் கேட்டேன். அந்த நாடு எனக்கு அனுமதி தரவில்லை.

எல்லைச் சாவடியில் தம்பியும் நானும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். மேஜையில் இருந்த அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்தப் பக்கம் யாரும்மா இருக்காங்க உங்களுக்கு?"

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் யாருமில்லைங்க. இருக்கறது ரெண்டே பேரு. ரெண்டு பேரும் இங்கதான் நிக்கறாங்க."

அவர் குனிந்தபடியே, "அடுத்தவங்க வாங்க" என்றார்.