நான்கு வெள்ளைக் கோடுகள்

1
இக்கதை எரிந்துபோன ஒரு ப்யூஸிலிருந்து பிறந்தது. காப்புச் செய்யுளோடு தொடங்க விரும்பினேன். கருகல் வாடை முந்திக்கொண்டது.

2
முதல் தொடக்கம்: "மாறுமின்னோட்டம் ஓய்வறியா ஊசலென…"
(கைவிட்டேன். "ஊசல் இருக்கட்டும், அந்தக் குறடை எடு" என்றாள் அக்கா.)

மறுதொடக்கம்: அக்கா ஒலிபெருக்கி பழுதுபார்ப்பவள், அத்தான் தையல்காரர். ஒரே மேசையின் இரு முனைகளில் இரு தொழில்கள். பஜனை மண்டபத்து ஆம்ப்ளிஃபயர், துதிப்பாடலை விழுங்கிவிட்டு வண்டாய் இரைந்தது. மாலைக்குள் அது தெளிந்தால் மண்டபத்துக் கருவிகளெல்லாம் இனி அக்காவின் பொறுப்பு. இல்லையேல் வேறு கடைக்குப் போய்விடும். மண்டபக்காரர் வாசலிலேயே அமர்ந்துவிட்டார்.

3
(விளக்கம், அவசரமுள்ளோர் தாண்டலாம்.)
சுவரிலிருந்து வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும். கருவிக்கோ ஒரே திசை வேண்டும். டையோடு என்பது ஒருவழிக் கதவு. நான்கு கதவுகளை முறையாக அமைத்தால், மின்சாரம் எப்பக்கம் நுழைந்தாலும் ஒரே வாயிலால் வெளியேறும். எஞ்சும் ஏற்றஇறக்கத்தைக் கெபாசிட்டர் ஏரிபோல் தேக்கிச் சமன்செய்யும். ஒரு கதவு திறக்காவிடினும் பாதி அலை வீண்; இரைச்சல் எழும்.*

*அடியவர் மனத்துக்கும் இப்படியொரு கதவு… வேண்டாம். உவமை கதையைத் தின்றுவிடும்.

4
பழுதான டையோடுகளைக் கழற்றி, புதிய நான்கை மேசையில் வைத்துவிட்டு அக்கா மண்டபக்காரரைச் சமாதானப்படுத்தப் போன இடைவெளியில், அத்தான் உதவப் புகுந்தார். ஒவ்வொரு டையோடின் முனையிலும் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. சட்டைப்பையின் கோடு சட்டையின் கோட்டோடு பொருந்தாவிட்டால் உறக்கம் கொள்ளாதவர் அவர். நான்கு கோடுகளையும் ஒரே பக்கமாக நிறுத்திப் பற்றவைத்தார்.
(இப்பாத்திரத்தை நம்பலாமா என ஐயுற்றேன். மின்சுற்றுப் பலகையில் எந்தக் கோடு எப்பக்கம் என்ற குறிகள் அச்சிடப்பட்டிருந்தனவே! இருந்தன. அழகுணர்ச்சி அவற்றைப் பொருட்படுத்தவில்லை.)
ஸ்விட்சைப் போட்டார். ப்யூஸ் போயிற்று.

அக்கா வந்து பலகையை நெடுநேரம் பார்த்தாள்.
"என்னங்க இது?"
"எல்லாம் ஒரே பக்கம் பாத்தாத்தானே ஒழுங்கு?"
"சட்டைக்கு ஒழுங்குதான். இதுல ரெண்டு மேல பாக்கணும், ரெண்டு கீழ பாக்கணும்." சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "புதுசா நாலு தர்றேன், நீங்களே மாத்துங்க. ப்யூஸ் இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

5
முடிவு ஒன்று: பாடல் தெள்ளத்தெளிவாக ஒலிக்கிறது. (முகத்துதி, அடித்துவிட்டேன்.)
முடிவு இரண்டு: மீண்டும் புகை. (அக்கா கைச்சோற்றை உண்டுகொண்டே எழுதத் தகாதது.)

அத்தான் மாற்றி முடித்தார். அக்கா மீட்டர் வைத்துப் பார்த்தாள். டையோடுகள் சரி. கடைசி ப்யூஸையும் பொருத்தினாள். முதல் அதிர்ச்சியில் ட்ரான்ஸ்ஃபார்மர் பிழைத்ததா என்பது மட்டும் ஸ்விட்சைப் போட்டால்தான் தெரியும். மண்டபக்காரரும் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"கதை எழுதறவன் கொஞ்சம் தள்ளி நில்லுடா" என்கிறாள் அக்கா.

தள்ளி நிற்கிறேன். ஸ்விட்சின் முன்னே இடம் காலியாக இருக்கிறது. அத்தான் மேசையின் தம் முனைக்கு நகர்ந்துவிட்டார். வாசகரே, நீங்கள் போடுங்கள்.