மூன்று முறை நாரி நோ

சுஜாந்தி ஆஸ்பத்திரிப் பதிவறையில் வேலை செய்தாள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளின் வாட்டுக் கோவைகள் அவளுடைய மேசைக்கு வரும். டொக்டர் கடைசியாக எழுதிய நோயின் பெயரைப் பார்த்து, அதற்குரிய குறியீட்டைத் தடித்த புத்தகமொன்றில் தேடி எழுதவேண்டும். இன்ன காரணம் என்று சொல்லமுடியாத நாரி நோவுக்கு, அதாவது இடுப்பு வலிக்கு, எம் 54.5. அதற்கு அவள் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. கரைவலை இழுப்பவர்கள், உப்பளத்தில் சுமப்பவர்கள் என்று அத்தனை பேருக்கு எழுதியிருந்தாள்.

2013 செப்டெம்பரில் ஒரு காலை கண்டக்குழியிலிருந்து மக்தலேனா பதிவறை யன்னலுக்கு வந்தாள். பின்னால் சக்கர நாற்காலியில் அவளுடைய கணவன் நிக்கொலஸ் வியர்த்துப்போய் இருந்தான்.

"பிள்ளை, இவர்ட பழைய கோவையளை ஒருக்கா எடுத்துத் தாங்கோ. மூண்டு தரம் இங்க வாட்டில இருந்தவர்."

"என்னத்துக்கு அக்கா?"

"இப்பதான் டொக்டரிட்டக் காட்டினம். அவர் பழைய அட்டையைப் பார்த்திட்டு, நாரி நோதானே எண்டு அதே குளிசையை எழுதிட்டார். இவருக்கு நேத்துப் பின்னேரம் தொடக்கம் சலம் போகல்ல. ரெண்டு காலும் விறைச்சுப்போச்சு."

"அதைச் சொன்னீங்களா?"

"எத்தின தரம் சொன்னன்! அவருக்குத் தமிழ் விளங்காது. நான் சொன்னதைப் பக்கத்தில நிண்டவர் சிங்களத்தில ஒரு சொல்லோட முடிச்சிட்டார். எனக்குச் சிங்களம் மீன் விக்கிற அளவுக்குத்தான் வரும்." மக்தலேனா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பழைய கோவையில ஏதாவது கிடக்கும். கும்பிட்டுக் கேக்கிறன், தேடிப் பாருங்கோ."

சுஜாந்தி மூன்று கோவைகளையும் எடுத்தாள். மூன்றிலும் எம் 54.5, அவளுடைய கையெழுத்து. மூன்றாவதை விரித்தாள். பின்னேரங்களில் காய்ச்சல், எட்டுக் கிலோ மெலிவு, வலது காலில் விறைப்பு என்று ஒரு தாதி குறித்துவைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் டொக்டர் எழுதியது நாரி நோ மட்டும். யூலையில் அந்தக் குறிப்பை வாசித்தது சுஜாந்திக்கு நினைவிருந்தது. ஒரு கணம் பேனையை நிறுத்தியதும் நினைவிருந்தது. அன்று மாதக் கணக்கு அனுப்பும் நாள். எழுதி முடித்துவிட்டு அடுத்த கோவையை எடுத்திருந்தாள்.

அவள் எழும்பினாள். பதிவறைப் பொறுப்பாளர் இஸ்ஸதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க போறீங்க? டொக்டர்மார் எழுதினதை நாம மாத்த ஏலாது."

"மாத்தப் போகல்ல சேர். வாசிச்சுக் காட்டப் போறன்."

வாட்டில் பெரிய டொக்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்தலேனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். வாசலில் தாதி தடுத்தாள். சுஜாந்தி சிலாபத்தில் வளர்ந்தவள்; சிங்களம் நன்றாக வரும். சலம், கால், காய்ச்சல் என்று ஒன்றுவிடாமல் சிங்களத்தில் அவள் சத்தமாகச் சொல்ல, டொக்டர் திரும்பினார். கோவையை வாங்கி வாசித்தார். பிறகு குனிந்து நிக்கொலஸின் உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். ஒரு துளி இரத்தம் வந்தது.

நிக்கொலஸ் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் தொடல்லியா டொக்டர்?" என்று கேட்டான்.

மக்தலேனா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

பகல் ஒரு மணிக்கு அம்புலன்ஸ் கொழும்புக்குப் புறப்பட்டது. முள்ளந்தண்டில் காசநோய். எலும்பு அரித்துச் சரிந்து நரம்பை நெரித்திருந்தது. மறுநாள் சத்திரசிகிச்சை செய்தார்கள். நிக்கொலஸ் பிழைத்தான். ஆனால் கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் நடந்திருப்பான் என்று அங்கே சொன்னார்களாம்.

தை மாதம் மக்தலேனா நிக்கொலஸின் நோயைப் பற்றிய ஒரு கடிதத்துக்காகப் பதிவறைக்கு வந்தாள். சுஜாந்தி அவளை உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினாள். மூன்றாம் தரம் சொன்னாள்.

"அக்கா, காய்ச்சலும் விறைப்பும் யூலையிலயே எழுதிக் கிடந்தது. நான் வாசிச்சனான். வாசிச்சிட்டும் நாரி நோ எண்டு குறியீடு போட்டு மூடி வச்சனான்."

வெளியே யாரோ இலக்கம் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நான் அண்டைக்குத் தாதியிட்டச் சொன்னது எழுத்தில இருந்ததா?"

"ஓம்."

"எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாமத்தான் அவர்ட கால் போச்செண்டு நினைச்சன் பிள்ளை. நாலு மாசமா அவர்ட முகத்தைப் பார்க்காமத்தான் சோறு குடுக்கிறன்."

அவள் அழுதாள். சுஜாந்தி நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனாள். நிக்கொலஸைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.