மேல கருகுது, உள்ள வேகலை

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் கைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்:

"மூணு கேக்கும் போச்சு அண்ணி. மேல கருகுது, உள்ள வேகலை. மாவுல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் கைப்பக்குவம் போயிடுச்சு."

அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். என் கைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். ஆள், வீடு, மேசை, நாற்காலி எல்லாம் பின்னால் மெதுவாக வந்து சேரும். ஆகவே அந்த ஒரு வரியைத் தவிர இனி வருவதெல்லாம் என் புளுகு.

2

முதல் தொடக்கம்: வெண்ணெயும் ஏலமும் கலந்த மணம் அந்தச் சின்ன வீட்டின் ஒவ்வொரு மூலையிலும்

(வேண்டாம். வீட்டில் கேக் சுட்டு விற்கும் பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் முதலில் மணம்தான் வருகிறது.)

இரண்டாவது தொடக்கம்: மாவைச் சலித்துக்கொண்டிருந்தபோது, வாழ்க்கையும் ஒரு சல்லடைதான் என்று அவளுக்கு

(மாவு மாவாகவே இருக்கட்டும்.)

மூன்றாவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்து காது கொடுத்தேன்.

"எத்தனைன்னு சொன்னீங்க அண்ணி?"

"பன்னெண்டு."

"வாரத்துக்கா?"

"தினத்துக்கு."

"தினமுமா? எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஓவன்."

"அது தினமும் வீட்டுலதானே இருக்கு, எங்க போகுது? நான் சரின்னுட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"உன்னைக் கேட்டா நீ யோசிப்பே. யோசிச்சா வேண்டாம்பே. எதுக்கு உனக்கு அந்தச் சிரமம்?"

சரி, இவர்களை வைத்துக்கொண்டு எழுதலாம் என்று தோன்றியது.

கேட்டவள் ஒரு கண் மருத்துவமனையின் முன்மேசையில் பதினோரு வருஷமாக டோக்கன் கொடுத்துவருபவள். அங்கே எல்லாரும் அவளைக் கேக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நர்ஸின் மகளுக்குப் பிறந்தநாள் என்று ஆசையாக ஒன்று செய்துகொடுத்தாள். அதைத் தின்ற இன்னொரு நர்ஸ் தன் தம்பிக்குக் கேட்டாள். அப்படியே பிடித்துக்கொண்டது. மூன்று வருஷத்தில் சாப்பாட்டு மேசை அட்டைப்பெட்டிகளுக்குப் போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் மாவு மூட்டை. குளிர்பெட்டியில் குடும்பத்துக்கு மிஞ்சியது கீழ்த்தட்டு ஒன்றுதான்.

பதில் சொன்னவள் கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார், கணவருக்கு அக்கா. ஆர்டர் பிடிப்பதும் அவளே, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவளே. வாயைத் திறந்தால் 'சரி' என்றுதான் வரும்.

இந்தப் பன்னிரண்டு, சாலை முனைக் காபிக்கடைக்காக. கடைக்காரர் வியாழக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கே வந்து ருசி பார்ப்பார். பிடித்தால் திங்கள் முதல் தினமும் பன்னிரண்டு ஆரஞ்சு கேக். அதையும் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியாது. அவள் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மேலாளர் அம்மாள் நல்லவர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இதை என் மேசைக்குள்ளேயே வெச்சிருக்கேன். மனசு மாறினா ஒரு போன் போடுங்க. கிழிச்சுடறேன்" என்றார்.

கவலை இதுதான். வெள்ளிக்குள் அந்தக் கடிதம் கிழியுமா, மேலே போகுமா?

3

கணவரிடம்தான் நான் மூன்று வரைவுகளைத் தோற்றேன்.

கதை என்றால் ஒரு முட்டுக்கட்டை வேண்டுமே என்று அவரைக் குறுக்கே நிறுத்திப் பார்த்தேன். "'இருக்கிற வேலையை விட்டுட்டு அடுப்பைக் கட்டிக்கிட்டு அழப் போறியா?' என்று அவர் உறுமினார்" என்று எழுதினேன். அந்தக் குரல் அவருடையதாக இல்லை. எங்கேயோ கேட்ட யாரோ ஒருத்தருடைய குரல். அடித்துவிட்டு அவரையே பேச விட்டால், மனிதர் வாயைத் திறப்பதாக இல்லை.

"ஏங்க, லெட்டர் குடுத்துட்டேன்."

"ம்."

"பயமா இருக்கு."

"ம்."

"வேற ஏதாவது சொல்லக் கூடாதா?"

"மாவு டப்பா மூடி இறுக்கமா இல்ல. மாத்தி வெச்சிருக்கேன்."

(பேச்சை நம்பிப் பிழைக்கிற எனக்கு இப்படி ஒரு ஆள். இருந்தாலும் மூடியை மாற்றியவனை வில்லனாக்க மனம் வரவில்லை.)

அவர் பழுது பார்ப்பவர். துவைக்கும் இயந்திரம், மிக்ஸி, ஓவன், எது நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கோணலாக ஒன்றைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. விருந்துக்குப் போன வீட்டில் ஆடுகிற நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணி தேடியவர். மனைவியின் ஓவனும் அவர் கொண்டுவந்ததுதான். யாரோ வீடு மாறும்போது வேண்டாம் என்று விட்டுப்போனது.

4

புதன்கிழமை அவள் இரண்டு நாள் லீவு போட்டாள். வியாழன் வருபவருக்கு முன்னால் ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிடலாம் என்று.

முதல் கேக் அரைமணியிலேயே மேலே கறுத்து, நடுவில் வெடித்தது. பதறி வெளியே எடுத்துக் கத்தியை விட்டால் கத்தி முழுக்க மாவு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெட்டக்கூட இல்லை.

"மாவு பழசோ?" என்றாள் நாத்தனார்.

"புது மூட்டை."

"முட்டை?"

"காலையில வாங்கினது."

"ஆரஞ்சு புளிப்போ?"

"புளிச்சா மேல கருகுமா அண்ணி?"

"எனக்கென்ன தெரியும், நான் ஸ்கூட்டர்தான் ஓட்டறேன்."

கணவர் வாசலில் நின்று மூன்று கேக்கையும் பார்த்தார். மூன்றாவதை ரொம்ப நேரம் பார்த்தார். கருகிய மேற்புறத்தைச் சீவி எறிந்துவிட்டு வெந்த ஓரத்தைத் தின்றார்.

(இங்கே நானும் திண்டாடினேன். ஏன் கருக வேண்டும்? எதிர்வீட்டில் ஒரு போட்டிக்காரியை உண்டாக்கி, சர்க்கரை டப்பாவில் உப்பைப் போட வைத்தேன். அபத்தம். உப்பு எதையும் கருக்காது. அதோடு, இந்தக் கதையில் கெட்டவர்களுக்கு இடமே இல்லை. இருக்கிற இடமெல்லாம் அட்டைப்பெட்டி.)

கடைசியில் ஒன்று உறைத்தது. எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உலகத்து ஓவன்களையெல்லாம் பிரித்து மாட்டுகிற ஒருத்தர் மட்டும் ஓவனைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது சுபாவமா, வேறு ஏதாவதா? வரைவை மூடிவைத்துவிட்டு அந்த மனிதர் பேசும்வரை காத்திருந்தேன்.

5

வியாழக்கிழமை, மணி இரண்டேகால். நான்காவது கேக்கும் கருகியாயிற்று. கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து, சோபா ஓரத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் கைபேசியை எடுத்தாள்.

"யாரைக் கூப்பிடறே?" என்றாள் நாத்தனார்.

"மேனேஜரம்மாவை. லெட்டரைக் கிழிச்சுடுங்கன்னு சொல்லிடறேன். நீங்க காபிக்கடைக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம்னுடுங்க."

"எனக்கு 'சரி' மட்டும்தான் சொல்ல வரும். 'வேண்டாம்'ங்கிறதுக்கு வேற ஆளைப் பாரு."

"விளையாடாதீங்க அண்ணி. என் கை எனக்கே அடங்கலை. இதை நம்பி எப்படி வேலையை விடறது?"

"கொஞ்சம் இரு" என்றார் கணவர்.

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"ஓவன்ல நான் கை வெச்சேன்."

"என்னது?"

"செவ்வாய்க்கிழமை. நீ வேலைக்குப் போயிருந்தே. கதவுக் கீல் ஆடுதேன்னு திறந்தேன். அப்படியே சூடு பார்க்கிற மீட்டர் வெச்சுப் பார்த்தா, குமிழ் இருநூறுல நிக்குது, உள்ள நூத்தி எழுபத்தஞ்சுதான் இருக்கு. ஊரார் வீட்டு ஓவனெல்லாம் நான் சரி பண்றேன், என் வீட்டு ஓவன் பொய் சொல்லுது. மனசு கேக்கலை. சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டை மாத்திட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"கேக் இன்னும் நல்லா வரும், வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

"வரலையே. நேத்தெல்லாம் நான் பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்திச் சுத்தி வந்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"மறுபடி மீட்டர் வெச்சுப் பார்த்தேன். நாலு தடவை. ஓவன் சரியா இருக்கு, ஒரு டிகிரி பிசகில்ல."

"சரி, அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஓவன் சரின்னு நான் சொன்னா, அப்புறம்

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நான் இல்லை. அவர்தான்.)

அவள்தான் முடித்தாள். "தப்பு என்மேலன்னு ஆயிடும். அதானே?"

"ம்."

நாத்தனார் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து தம்பி மனைவியின் செய்முறை நோட்டை உருவினாள். ஓரமெல்லாம் வெண்ணெய்க் கறை.

"ஆரஞ்சு கேக்குக்கு எவ்வளவு சூடுன்னு எழுதியிருக்கே?"

"இருநூறு. அம்பது நிமிஷம்."

"நீ பார்த்துக் கத்துக்கிட்ட புத்தகத்துல என்ன போட்டிருந்துது?"

"நூத்தி எழுபத்தஞ்சு. அதுல வெச்சா நமக்கு வேகவே வேகாது அண்ணி. எத்தனை கேக்கைக் கெடுத்துக் கெடுத்து நான் இருநூறுன்னு கண்டுபிடிச்சேன். புத்தகம் போடறவங்களுக்கு என்ன தெரியும்னு..."

ஓவனைப் பார்த்தாள்.

"இப்பப் புரியுதா?" என்றாள் நாத்தனார். "தப்பா ஓடற கடிகாரத்தை வெச்சுக்கிட்டு மூணு வருஷமா சரியான நேரத்துக்குப் பஸ் பிடிச்சிருக்கே. இந்தப் புண்ணியவான் கடிகாரத்தைத் திருத்தி வெச்சுட்டான். நீ பழைய பழக்கத்துலயே கிளம்பறே. பஸ் நிக்குமா?"

"நோட்டுல இருநூறுன்னு இருந்தது எனக்குத் தெரியாது" என்றார் கணவர். "நான் நோட்டையெல்லாம் பார்க்கிறதில்ல."

"ஓவன் திறந்தது எனக்குத் தெரியாது" என்றாள் அவள்.

"ஒருத்தருக்கொருத்தர் எதுவுமே தெரியாம இத்தனை வருஷம் நல்லாத்தான் குடும்பம் நடத்தியிருக்கீங்க."

அவள் அப்படியே பக்கத்தில் இருந்த புது மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நானும் எழுதினேன். பிறகு சத்தம் வந்தது. சிரிப்பு.

"அப்போ என் கை போகலை."

"உன் கை எங்க போகும்? உன் புருஷன் கைதான் ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது."

(எனக்கும் இங்கேதான் மூச்சு வந்தது. யாராவது கெட்டவராக இருந்துதான் கேக் கருக வேண்டும் என்று எத்தனை பக்கம் வீணாக்கினேன். குறைபட்ட ஓவனும் குறைபட்ட நோட்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து நல்ல கேக்காக வந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் திருந்தியது, அவ்வளவுதான் தவறு.)

6

மணி இரண்டரை. இன்னும் ஒரே ஒரு கேக்குக்கு நேரம் இருக்கிறது.

"பழைய தெர்மோஸ்டாட் பெட்டியிலதான் இருக்கு. கால்மணியில திரும்ப மாட்டிடுவேன்" என்றார் கணவர்.

"வேண்டாம்."

"உன் நோட்டுக்குச் சரியா இருக்கும்."

"நாளைக்கு இன்னொரு ஓவன் வாங்கினா, அதையும் கெடுத்துத்தான் வெப்பீங்களா? இருக்கட்டும். நூத்தி எழுபத்தஞ்சுல வெக்கறேன்."

உள்ளே வைத்தாள். இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ. காபிக்கடைக்காரர் ஒரு வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறார். பன்னிரண்டு இருபத்துநாலாகிறது, வீடு மாறுகிறார்கள், வாசலில் பெயர்ப்பலகை. (ஓவன் விற்பவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் துண்டுக் காகிதம் மாதிரி இருக்கிறது.)

ஆ. "நல்லாத்தான் இருக்கு, ஆனா என் கடைக்கு வர்றவங்க" என்று இழுத்துவிட்டு எழுந்து போகிறார். (நடக்கக்கூடியதுதான். அதற்காக நானே எழுத வேண்டுமா?)

இ. "ஆரஞ்செல்லாம் சரி, சாக்லேட்ல செய்வீங்களா?" என்கிறார். அவள் யோசிப்பதற்குள் நாத்தனார் சரி என்றுவிடுகிறாள். (எனக்கு ஆசை இதில்தான். அதனாலேயே நம்ப மாட்டேன்.)

மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு, எனக்குத் தெளிவாகக் கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

நாலுக்குப் பத்து நிமிஷம். கேக் கம்பித்தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. மேலே வெளிர்பொன் நிறம், வெடிப்பு இல்லை. யாரும் இன்னும் வெட்டவில்லை. கைபேசி அடித்தது. மேலாளர் அம்மாள்.

"நாளைக்கு நான் ஊர்ல இல்லம்மா. அதான் இன்னைக்கே கேட்டுடலாம்னு. லெட்டரை என்ன பண்ணட்டும்?"

"இன்னும் பத்து நிமிஷத்துல அவர் வந்துடுவார். அப்புறம் கேட்டுட்டுச் சொல்லேன்" என்று நாத்தனார் கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள்.

அவள் சைகையைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள்.

"மேல அனுப்பிடுங்க மேடம்."

"அந்த ஆர்டர் கிடைச்சுடுச்சா?"

"இன்னும் இல்ல மேடம். இது இல்லேன்னா வேற ஒண்ணு வரும். எனக்குச் சுட வருது."

வாசல் மணி அடித்தது. காபிக்கடைக்காரர் வந்தார். "அந்த நாற்காலி வேண்டாம், அதுல பெட்டி இருக்கு. இப்படி வாங்க" என்று நாத்தனார் அவரைச் சோபாவில் உட்காரவைத்தாள். ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். அவர் எடுத்து வாயில் போட்டார்.

என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். வந்ததிலிருந்து அந்த மனிதரின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. உங்களுக்குக் கேட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்:

"                                        "

சமையலறையில் அவள் நோட்டை விரித்து, ஒவ்வொரு பக்கமாக இருநூறை அடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பக்கம்?" என்றார் கணவர்.

"முப்பத்தெட்டு."

"பாதி நான் திருத்தட்டுமா?"

"நீங்க எதையும் தொடாதீங்க" என்றாள் அவள். "பக்கத்துல உக்காருங்க, போதும்."