தப்பு யாருடையது

1951 மாசியில் காமன் கூத்து முடிந்த மறுநாள் விடியலில், இலங்கையின் திம்புள்ளப் பக்கத்து ஊசிமலைத் தோட்டத்தில் செத்துப்போனவர்கள் வேலைக்கு வந்து நின்றார்கள். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கம்பளிக்குப் பதிலாகக் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு, ஒரு லயத்து வீடுகள் அத்தனையையும் நிரப்பும் அளவுக்கு நின்றார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்தார். பிறகு, கொழுந்து முற்றிக்கொண்டு கிடக்கிறதே, வந்த ஆளை விடுவானேன் என்று அவர்களை ஏழாம் நம்பர் மலைக்கு அனுப்பிவைத்தார். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடத்திக் கூட்டிவரப்பட்டு, வந்த கையோடு வாந்திபேதியில் விழுந்த சனங்கள் அவர்கள். அவர்களைப் புதைத்த இடத்தின் மேல்தான் ஏழாம் நம்பர் மலையின் தேயிலை நிற்கிறது. ஆகையால் யாரும் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை.

எழுப்பியவன் கந்தப்பன், அம்மாக்கண்ணுவின் ஒரே மகன், பதினைந்து வயசு. அந்த வருஷக் கூத்தில் அவனுக்கு ரதி வேஷம். எரிந்துபோன காமனைத் திருப்பிக் கொடு என்று சிவனிடம் ரதி அழுகிற இடம் வந்ததும், பயல் படித்த பாட்டை அப்படியே விட்டுவிட்டான். காலஞ்சென்ற அப்பனின் தப்பைச் சேலைக்கு மேலேயே தோளில் மாட்டினான். தப்பு என்றால் தோட்டத்தில் பறைமேளம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் கோளாறாகப் போகிறது. அதை அடித்து, இழவு வீட்டு ஒப்பாரிகளிலிருந்து பொறுக்கி வைத்திருந்த பேர்களையெல்லாம் கோத்துப் பாட்டுக் கட்டி, மண்ணுக்குள் கிடப்பவர்களைத் திருப்பிக் கேட்டான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள். “எடுபட்ட பயலே, சாமி பாட்ட விட்டுட்டு என்னத்தடா பாடுற!” என்று கத்தினாள். பாட்டைக் கேட்ட சனம் அவள் சத்தத்தைக் கேட்கவில்லை.

தோட்டத்தை நடத்தும் துரைக்குச் செத்தவர், இருப்பவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. வெளியாள் என்றால் வெளியாள்தான். அனுமதியில்லாமல் ஆள்களைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தான் என்று பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். கந்தப்பனையும் தப்பையும் ஹட்டன் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

கோர்ட்டில் பேச்செல்லாம் இங்கிலிசில். மொழிபெயர்க்க இருந்தவர் யாழ்ப்பாணத்து அம்பலவாணர், தங்கமான மனுஷன். அவர் ஊரில் குற்றத்தைப் பிழை என்பார்கள், மேளத்தைப் பறை என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்கட்டும் என்று நல்ல மனசோடு தன் சொல்லை விட்டு அவன் சொல்லை எடுத்தார். “தம்பி, பயப்பிடாமல் சொல்லும். தப்பு ஆற்றை?” யாருடையது என்று கேட்டார். மேசைமேல் கிடந்த மேளத்தைப் பார்த்தான் கந்தப்பன். “என்னோடதுங்க. எங்கப்பாரு குடுத்ததுங்க. அவருக்கு அவங்கப்பாரு குடுத்தது.” குற்றம் தன்னுடையது, பரம்பரையாக வந்தது என்று அம்பலவாணர் வருத்தத்தோடு மொழிபெயர்த்தார். பரம்பரைக் குற்றவாளி என்று நீதவான் குறித்துக்கொண்டார். பதினெட்டு வயது வரை கீழ்நாட்டிலுள்ள சீர்திருத்தப் பள்ளியில் வைக்கும்படி தீர்ப்பாயிற்று.

அம்மாக்கண்ணு கோர்ட்டு வாசலில் மண்ணை வாரி இறைத்தாள். அவளுக்கு வேண்டியது மகன் ஒருவன்தான், பாட்டு நாசமாய்ப் போகட்டும். அந்த வருஷம் முழுக்க ஏழாம் நம்பர் மலையில் செத்தவர்களோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தாள், ஒருவரோடும் பேசவில்லை. அவர்களோ சளைக்காமல் வந்துகொண்டேயிருந்தார்கள். கூட்டி வந்தவனை உள்ளே போட்ட பிறகும் கூட்டம் கலையவில்லையே என்று துரைக்குப் பித்தம் தலைக்கேறியது. அடுத்த மாசியில் செத்தவர்கள் எல்லார் மேலும் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார். அவர்கள் நடந்தே ஹட்டனுக்கு வந்தார்கள், நடை அவர்களுக்குப் புதிதா என்ன? பேர் என்னவென்று கேட்டதற்கு, “அந்தப் பயலக் கேளுங்க சாமி, அவன்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டான்” என்றார்கள். அதனால் கந்தப்பனைச் சாட்சியாகக் கூட்டிவந்தார்கள். ஆள் இளைத்துப்போயிருந்தான், தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பேர்களைச் சொல் என்றதற்கு, பாட்டாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் பாடினான்.

“அப்பன் தோளுல தொங்கின தப்பு
அனலுல காச்சினா பேசுற தப்பு
தப்புச் சத்தம் கேட்டவரெல்லாம்
தங்கமே எந்திரிச்சு வாங்க...”

முதல் அடியை அம்பலவாணர் மொழிபெயர்த்தார்: தகப்பன் தோளில் தொங்கிய குற்றம். இரண்டாம் அடியில் வாய் நின்றுவிட்டது. எந்தக் குற்றத்தை நெருப்பில் காய்ச்சுவார்கள்? போன வருஷத்து வழக்கிலிருந்து கோர்ட்டு மேசைமேலேயே கிடந்த மேளத்தைப் பார்த்தார். அதன் தோலில், சத்தம் ஏற அனலில் காய்ச்சிய கறுப்பு இருந்தது. “தம்பி... அண்டைக்கு நீர் சொன்னது இந்தப் பறையையோ?” என்று கேட்டார். “ஆமாங்க, வேற எதுங்க?” என்றான் பையன். அம்பலவாணர் நீதவான் பக்கம் திரும்பி, முதலில் இங்கிலிசில் சொன்னார். பிறகு எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னார். “பிழை என்ரை.”

நீதவான் கந்தப்பனை அப்போதே விடுதலை செய்தார். செத்தவர்கள் விஷயத்தில் சட்டத்தை நிதானமாகப் பார்த்தார். ஓர் இடத்தை விட்டு ஒருநாளும் வெளியே போகாதவர்கள் அதற்குள் நுழைந்தார்கள் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தார். உயிரோடிருக்கும் தோட்டத்துச் சனங்களை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று மூன்றாண்டுகளுக்கு முன்னால்தான் சட்டம் போட்டிருந்தார்கள். செத்தவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

எல்லாருமாகத் தோட்டத்துக்கு நடந்தார்கள். மகன் கையைப் பிடித்த பிடியை அம்மாக்கண்ணு விடவில்லை. இனிமேல் பாட்டுகீட்டு என்று வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்ல ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தாள். சொல்ல வாயெடுத்த நேரத்தில், செத்தவர்களில் ஒரு இளவயசுக்காரி துணி மூட்டை ஒன்றை மாரோடு அணைத்தபடி பக்கத்தில் வந்தாள்.

“எல்லாப் பேரையும் சொன்னியே தம்பி, எம்புள்ளைய மட்டும் விட்டுட்டியேய்யா.”

“அதுக்கு என்ன பேருங்க அக்கா?”

“பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சுய்யா.”

கந்தப்பன் அம்மாவைப் பார்த்தான். அம்மாக்கண்ணு மூட்டையை விலக்கி உள்ளே பார்த்தாள். அசையாமல் கிடந்தது, கைமுட்டியளவு முகம்.

“என்னடா என் மூஞ்சியப் பாக்குற?” என்று அதட்டினாள். “பாடுறா. வேலாயின்னு வச்சுப் பாடு.”

நடுரோட்டில் நின்று பாடினான். பாட்டு முடியுமுன் மூட்டைக்குள் கால் உதைத்தது, பிறகு வீறிட்டு ஒரு அழுகை. “பசிடி அதுக்கு, பால் குடு” என்றாள் அம்மாக்கண்ணு.

மறுநாள் காலை அந்தத் தாய் கொழுந்துக் கூடையோடு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா வாசலுக்கு வந்து, குழந்தையை ஆயாவிடம் நீட்டினாள். பேர் என்ன என்று ஆயா கேட்டாள். வேலாயி என்றாள். ஆயா குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போனாள்.